திங்கட்கிழமை சொல்வதாக இருந்த தண்டனை

தாளாளரைக் குற்றவாளி என்று நீதிபதி அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை. என்ன தண்டனை என்பதைத் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் செத்துப்போனார். காலமானார், மறைந்தார் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கை கூசியது. அடித்துவிட்டுத்தான் இந்தச் சொல்லை வைத்திருக்கிறேன்.

அவரை எனக்குத் தெரியவந்தது பிளஸ் டூ முடித்த வருடம். விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார். அவர்தான் வீட்டுக்கு வந்து, புதுக்கோட்டையில் ஒரு நர்சிங் பயிற்சி நிலையம் இருக்கிறது, இரண்டு வருடத்தில் டிப்ளமோ கைக்கு வந்துவிடும், தாளாளர் எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று சொன்னார். சித்தப்பா இப்படி எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒன்பது பெண்களைச் சேர்த்துவிட்டதும், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருக்குப் பங்கு போனதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரும்புக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு தளம். கீழ்த்தளத்தில் வகுப்பு, மேல்தளத்தில் நான்கு கட்டிலும் ஒரு எலும்புக்கூடும். சேரும் அன்றே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வெள்ளை யூனிபார்ம், நீல பெல்ட். தாளாளர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்க வேண்டும். எப்போதும் சந்தனம் மணக்க வருவார். எல்லோரையும் "மகளே" என்பார். ஆண்டு விழாவுக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, தட்டில் பூ கொடுத்துத் தூவச் சொல்வார். நானும் தூவியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

மார்க் ஷீட்டைப் பிறகு தருவதாகச் சொன்னதை நம்பி, டிப்ளமோவை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மாதம் பார்த்தேன். ஊசி போட்டேன், டிரிப் ஏற்றினேன், கட்டுக் கட்டினேன். அரசாங்க வேலைக்கு எழுதிப்போட வேண்டும் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும் என்றார்கள். சென்னைக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த அம்மா என் சான்றிதழை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் தட்டினார். அப்புறம் ரொம்ப மெதுவாக, இந்த எண்ணில் இப்படி ஒரு பள்ளியே கிடையாது என்றார். கீழே கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி நான் அங்கே சேர்வதற்கு முன்பே ரிடையர் ஆனவர் என்றும் சொன்னார்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எத்தனை குழந்தைகளுக்கு இந்தக் கையால் ஊசி போட்டேன் என்று நினைத்து நினைத்து, சோறு பிசையும்போது குமட்டியது. அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் குமட்டல் ரொம்ப நாள் போகவில்லை.

போலீசில் முதலில் புகார் கொடுத்தது நான் இல்லை. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அவள்தான் கொடுத்தாள். அவள் கொடுத்த பிறகு முப்பத்தோரு பேர் சேர்ந்தோம். பீரோவில் இருந்த எங்கள் மார்க் ஷீட்டுகளைப் போலீஸ் எடுத்து வழக்குச் சான்றாகக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டது. அதனால் வேறு எந்தப் படிப்பிலும் சேர முடியவில்லை. நகல் கேட்டு மனுப் போட்டவர்களுக்கும் கைக்கு வர வருடக்கணக்கானது. எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டில், கள்ளச் சர்ட்டிபிகேட் வாங்கிய பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்கிற வித்தியாசம் ஊருக்குள் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை.

வழக்கு ஏழு வருடம் நடந்தது. அதற்குள் நான் விராலிமலை நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வாகன உதிரிபாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. வாய்தா நாளில் லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். பல நாள் நீதிபதி லீவு, பல நாள் தாளாளருடைய வக்கீல் வரவில்லை. கொரோனாவில் இரண்டு வருடம் போனது. நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, போலி என்று தெரிந்துதானே காசு கொடுத்து வாங்கினீர்கள் என்பது. இல்லை என்றேன். திருப்பித் திருப்பி அதையே கேட்டார். தாளாளர் கூண்டுக்கு எதிரே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமான சிரிப்புகூட இல்லை அது. பரிசளிப்பு விழாவில் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

அந்த வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். மற்றவர்கள் கல்யாணமாகித் திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். தாளாளரோடு வழக்கில் சேர்த்திருந்த, ஆபீசில் வேலை பார்த்த இருவரை ஆதாரம் போதவில்லை என்று முன்னமே விடுவித்திருந்தார்கள். மிஞ்சியது தாளாளர் மட்டும்தான். நீதிபதி தலையை நிமிர்த்தாமல் படித்தார். மோசடி, போலி ஆவணம் தயாரித்தது, அதை உண்மையானதாகப் பயன்படுத்தியது என்று மூன்றிலும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படுகிறது என்றார். முதலில் புகார் கொடுத்தவள்தான் என் பக்கத்தில் நின்றாள், அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிட்டது.

தண்டனை பற்றித் தாங்கள் பேச வேண்டும், வயதுக்கும் நோய்க்கும் சான்றுகள் தர வேண்டும், அவகாசம் வேண்டும் என்று அவருடைய வக்கீல் கேட்டார். தண்டனை சொல்வதற்கு முன்னால் குற்றவாளியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நீதிபதி திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்து, அதுவரை காவலில் வைக்கச் சொன்னார். காவல் என்றதும் தாளாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

நாங்கள் சிரித்தோம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பதினான்கு பேரும் சிரித்தோம். டிவியில் பார்க்காததா, பெரிய மனிதர்களுக்கெல்லாம் தீர்ப்பு நாளில்தானே நெஞ்சு வலிக்கும் என்று பேசிக்கொண்டே வெளியே வந்து டீ குடித்தோம். அவரைப் போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கம்பெனியிலிருந்து வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, புகார் கொடுத்தவள் போன் செய்தாள்.

"ஆளு போய்ட்டாராம்டி," என்றாள். "நெஞ்சு வலி நெசந்தானாம்."

எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. கையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, இந்த ஆள் கடைசியாகச் செய்த ஒரே ஒரு நேர்மையான காரியத்தையும் நாம் நடிப்பு என்று நினைத்துவிட்டோமே என்று ஒரு எரிச்சல் வந்தது. நம்ப முடியாதபடி எங்களை ஆக்கியதும் அவர்தான்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனோம். நாங்கள் ஏன் போனோம் என்று தெரியவில்லை, செத்தாலும் தண்டனையைப் படிப்பார்கள் என்று எங்களில் சிலர் உண்மையிலேயே நம்பினார்கள். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் அரசு வழக்கறிஞர் எழுந்து குற்றவாளி இறந்துவிட்டார் என்றார். இன்ஸ்பெக்டர் இறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்யட்டும் என்று நீதிபதி ஒரு தேதி கொடுத்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

அரசு வழக்கறிஞர் ஐம்பது வயதுப் பெண்மணி. வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் அவராகவே நின்றார். இனி என்ன ஆகும் என்று கேட்டோம்.

"செத்தவங்க மேல கிரிமினல் கேசு நிக்காதும்மா," என்றார். "சர்ட்டிபிகேட் வந்ததும் கேசு அத்துப்போச்சுன்னு எழுதி மூடிருவாங்க."

"அதான் குத்தவாளின்னு சொல்லிட்டாங்களே மேடம்," என்றேன்.

"சொன்னாங்க. ஆனா தண்டனையும் சேந்தாத்தான் தீர்ப்பு முழுசாகும். பாதி தீர்ப்ப வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

நஷ்ட ஈடு பற்றி அவள் கேட்டாள். எங்களுக்கு ஈடு தரச் சொல்லி அரசுத் தரப்பில் கேட்டிருந்தார்கள். அதையும் தண்டனையோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்க முடியும் என்றார் அவர். வெள்ளிக்கிழமையே அபராதமோ ஈடோ விதித்திருந்தால், அதற்குப் பிறகு அவர் செத்திருந்தாலும் விட்டுப்போன சொத்திலிருந்து வசூலிக்க வழி இருந்திருக்கும். விதிக்கவே இல்லாததை வசூலிக்க வழியில்லை. சிவில் கோர்ட்டில் வாரிசுகள் மேல் கேட்கலாமா என்றோம். மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்றார். அந்த மூன்று வருடமும் நாங்கள் இதே வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"அந்த மூணு நாளு தள்ளி வச்சதாலதானே மேடம்," என்றாள் அவள்.

அரசு வழக்கறிஞர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் அவள் திருக்கோகர்ணத்துக்குப் போக வேண்டும் என்றாள். அங்கேதான் தாளாளர் வீடு. காவலில் இருந்தவர் என்பதால் பிரேதப் பரிசோதனை முடிந்து அன்றைக்குத்தான் உடலைக் கொடுத்திருந்தார்கள். எதற்கு என்றேன். "செத்தது நெசமான்னு கண்ணால பாக்கணும்," என்றாள். மற்றவர்கள் வர மறுத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்தோம்.

தெரு முனையிலிருந்தே பேனர்கள். கல்விக் கொடை வள்ளல், ஆயிரம் செவிலியரை உருவாக்கிய அண்ணல், ஏழைகளின் தந்தை. ஒவ்வொன்றிலும் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளைக்கு முன்னால் கோர்ட்டில் குற்றவாளி என்று சொன்னதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் பேசவில்லை. பந்தலில் முக்கியமான ஆட்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டு விழாவில் நான் பூத்தூவிய ஒருவரும் இருந்தார். வாசலில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வருகிறவர்களை இங்கிட்டு வாங்க, அங்கிட்டு உக்காருங்க என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, எப்படித்தான் மாற்றிக்கொண்டாரோ, நல்ல வேளை வந்தீங்க என்று சத்தமாகச் சொல்லி, பழைய மாணவிகள் வந்திருக்கிறார்கள், வழி விடுங்கள் என்று கூட்டத்தைப் பிரித்தார். பிரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம் என்பதே எனக்கு உறைப்பதற்குள் யாரோ ஒரு ரோஜா மாலையை என் கையில் திணித்தார்கள். எதிரே அவருடைய மனைவி அழுது வீங்கிய முகத்தோடு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மா எந்தப் பாவமும் செய்தவர் இல்லை. நான் மாலையைப் பெட்டி மேல் வைத்தேன். கையைக் கூப்பினேன். இரண்டு வருடம் பழக்கிய கை, தானாகக் கூப்பிக்கொண்டது. எங்கிருந்தோ போட்டோ பிடித்தார்கள்.

அவள் கும்பிடவில்லை. கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, "போலாம் வா," என்றாள். தெரு முனைக் குழாயில் நான் கையைக் கழுவினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கோர்ட்டில் இறப்புச் சான்றிதழ் தாக்கலாகி, வழக்கு அற்றுப்போனதாகப் பதிவு செய்தார்கள். அதற்கு அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த புத்தகம் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். வழவழப்பான தாள். நான் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில் நான் கைகூப்பி நிற்கிறேன். கீழே, அன்பு மகள்களின் கண்ணீர் அஞ்சலி என்று அச்சிட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், பொறாமைக்காரர்கள் தொடுத்த பொய் வழக்கிலிருந்து இறைவனே அவரை விடுவித்தான், குற்றமற்றவராகவே மறைந்தார் என்று இருந்தது.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டேன்.

"நாந்தான் ஆத்தா எழுதிக் குடுத்தேன்," என்றார் சித்தப்பா. "கோர்ட்டே கேச மூடிருச்சே. இனி குத்தவாளின்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு வக்கீலே சொல்லிட்டாரு. செத்தவர எதுக்குப் பேசணும்."

அவருக்கு அம்மா காபி கொண்டுவந்தாள். நான் அந்த டம்ளரை வாங்கி முற்றத்தில் ஊற்றினேன். எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். இத்தனை வருடமாகத் தம்பி தம்பி என்று அவருக்குப் பாய் விரித்த அப்பா, எழுந்து போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து அவர் காலருகே வைத்தார். சித்தப்பா அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வழக்கு இல்லையென்றால் சீல் வைப்பதற்கும் ஒன்றுமில்லை. வழக்கு தொடங்கியபோது போலீஸ் சீல் வைத்திருந்த கட்டடம், கம்ப்யூட்டர்கள், கார் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டுத் தாளாளரின் மகன் மனுப் போட்டார், சில மாதத்தில் கிடைத்துவிட்டது. எங்கள் மார்க் ஷீட்டுகளுக்கு நாங்களும் ஆளுக்கொரு மனுப் போட்டோம். எனக்கு அது வந்தபோது மூலையில் கோர்ட் முத்திரையும் சான்று எண்ணும் இருந்தன. என் வயது முப்பதை நெருங்கிவிட்டது, அதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியில் போய் நிற்பது என்று தெரியவில்லை. பீரோவில் வைத்தேன்.

அடுத்த மே மாதம் அதே இரும்புக்கடை மாடியில் புதுப் போர்டு மாட்டினார்கள். அறக்கட்டளையின் பெயர் வேறு. நர்சிங் என்கிற வார்த்தை இல்லை, பாராமெடிக்கல் என்றிருந்தது. போர்டின் மேல் மூலையில் தாளாளர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அங்கீகாரம் இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே இன்னொரு பெண் தன் மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள் என்பதை நினைத்தபோது பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கு வாய் கசந்தது.

புகார் கொடுத்தவளுக்குப் போன் செய்தேன். இருவரும் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டோம். அந்த வெள்ளிக்கிழமை உத்தரவின் நகல் வேண்டும் என்று. அரசு வழக்கறிஞரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ரெண்டு உத்தரவையும் சேத்துக் குடுங்க. குத்தவாளின்னு சொன்னதையும் குடுங்க, கேசு அத்துப்போனதையும் குடுங்க. ஒண்ண மறச்சீங்கன்னா அவங்களுக்கும் ஒங்களுக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிரும்."

அப்படியே செய்தோம். இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்து நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்தோம். அட்மிஷன் நடக்கும் நாளில், கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக நின்றோம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரிடம் கொடுத்தோம். நாங்கள் இங்கே படித்தவர்கள், இதைப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள் என்று மட்டும் சொன்னோம். வாட்ச்மேன் இரண்டு தடவை விரட்டினார். மகன் மாடி ஜன்னலிலிருந்து போனில் படம் பிடித்தார். பிடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

காரையூர்ப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொன்ன ஒருவர் இரண்டு தாளையும் பொறுமையாகப் படித்தார். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார், விவரம் தெரிந்த ஆள் போல இருந்தார்.

"அப்ப அவரு குத்தவாளியா, இல்லியா?" என்று கேட்டார்.

"எங்க மார்க் ஷீட்ட பூட்டி வச்சுக்கிட்டுக் கள்ளச் சர்ட்டிபிகேட் குடுத்தாருங்க," என்றேன். "கோர்ட்டு அதக் கேட்டு, ஆமான்னு சொல்லுச்சு. தண்டனை சொல்றதுக்குள்ள செத்துட்டாரு."

"செத்துட்டாருல்ல," என்றார் அவர். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அன்றைக்கு மூன்று குடும்பம் திரும்பிப் போனது. பதினோரு குடும்பம் உள்ளே போனது. மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. அவள் மட்டும் போய் நின்றாள்.